லண்டனில் ஐந்து பேர், ஐந்து பர்ஸ்: ஒரு நட்புப் பயணத்தின் கணக்கு

லண்டன் போல விலை கூடிய ஊருக்கு நண்பர்களோடு போய்விட்டு வந்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊரைத்தான் குறை சொல்வார்கள். எங்கள் குழுவின் செலவுக் கணக்கு என்னிடம்தான் இருந்தது. ஊர் திரும்பியதும் வரி வரியாக உட்கார்ந்து பார்த்தேன். தங்குமிடம், விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வருவது, மின்ரயில் என்று பெரிய தலைப்புகளில் போன பணம் எல்லாம் நாங்கள் நினைத்த அளவிலேயே நின்றிருந்தது. கைமீறிப் போனவை அனைத்தும், ஐந்து பேரும் களைத்துப்போய்த் தெருவோரம் நின்று “சரி, எங்கேயாவது போவோம்” என்று எடுத்த முடிவுகள். லண்டனின் விலையை முன்கூட்டியே பார்த்துவிடலாம். கூட இருக்கும் நண்பனின் பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்பது, கேட்டால்தான் தெரியும். அதை நாங்கள் கேட்டுக்கொண்டது பயணத்தின் பாதியில்தான்.

அதனால் ஏற்பட்டதையும், கேட்ட பிறகு மாறியதையும் விரிவாக எழுதுவது, இதே போலக் கிளம்பும் மற்றவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். சம்பந்தப்பட்ட நண்பர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

யார், எப்போது

கல்லூரிக் காலத்திலிருந்து ஒன்றாக இருப்பவர்கள். ஒருவன் ஆய்வு மாணவன். மாத உதவித்தொகைதான் வருமானம். ஒருத்தி பள்ளி ஆசிரியை. ஒருவனும் ஒருத்தியும் மென்பொருள் வேலையில் நன்றாகச் சம்பாதிப்பவர்கள். அப்புறம் நான். கோடைக்காலம், வியாழக்கிழமை போய் இறங்கி, அடுத்த செவ்வாய் கிளம்புவதாகத் திட்டம். “கம்மி செலவில் போய்வரலாம்” என்பதில் ஐந்து பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அந்தக் ‘கம்மி’ எவ்வளவு என்று மட்டும் பேசவில்லை. ஆய்வு மாணவன் கிளம்புவதற்கு முன்னால் சொன்னது ஒரே வாக்கியம்: “சமாளிச்சுக்கலாம்டா.”

சரியாகப் போனவை

தங்குமிடத்தில் எடுத்த முடிவு நல்ல முடிவு. கோடை விடுமுறையில் லண்டனின் பல்கலைக்கழகங்கள் சில, காலியாகக் கிடக்கும் மாணவர் விடுதி அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன. நகரின் நடுவில், தேம்ஸின் தென்கரையில், டேட் மாடர்ன் அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் அப்படி ஒரு விடுதி கிடைத்தது. அறை சிறியது, குளியலறை பொது. ஆனால் அடுப்போடும் குளிர்பெட்டியோடும் ஒரு பொதுச் சமையலறை இருந்தது. அதன் மதிப்பு போகப் போகத்தான் புரிந்தது.

புறநகரில் இதைவிட மலிவான ஹோட்டல்கள் இருந்தன. ஆனால் லண்டன் போக்குவரத்து மண்டலக் கணக்கில் ஓடுகிறது. நாங்கள் போனபோது, நடு நகரை ஒட்டிய முதல் இரண்டு மண்டலங்களுக்குள் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 9 பவுண்டுக்கு மேல் பிடிக்கவில்லை. புறநகரான ஆறாம் மண்டலத்திலிருந்து தினமும் வந்து போயிருந்தால் அந்த உச்சவரம்பு 16 பவுண்டை ஒட்டிப் போயிருக்கும். போக ஒரு மணி, வர ஒரு மணி. மதியம் அறைக்குப் போய்க் கொஞ்சம் படுத்து எழுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இளைப்பாற அறை இல்லாத குழு காபிக் கடையில்தான் இளைப்பாறும். அங்கே உட்கார்ந்தால் ஐந்து பேரும் ஏதாவது வாங்கியாக வேண்டும். மலிவான தொலைதூர அறை, மற்ற தலைப்புகளில் மெல்லப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அறைக் கட்டணத்தைப் பிரித்ததிலும் ஒரு தெளிவு இருந்தது. இருவர் அறை இரண்டு, ஒற்றை அறை ஒன்று. ஒற்றை அறைக்குத் தலைக்கு விலை அதிகம். மென்பொருள் நண்பன் அதை எடுத்துக்கொண்டு அதன் முழு விலையையும் தானே கொடுத்தான். ஐந்தால் வகுத்திருந்தால் மற்ற நால்வரும் அவனுடைய தனிமைக்குப் பணம் கட்டியிருப்போம்.

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து மின்ரயிலின் பிக்கடில்லி பாதையில் வந்தோம். தலைக்கு 6 பவுண்டுக்குள் முடிந்தது. எலிசபெத் பாதை ரயிலில் வந்திருந்தால் 13க்கு மேல், ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலில் அன்றைக்கு டிக்கெட் எடுத்திருந்தால் 25. நேர வித்தியாசம் அரை மணிக்குள்தான்.

அட்டை விஷயம்

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், குழுவாகப் போகிறவர்கள் தடுமாறும் இடம் இது. லண்டன் மின்ரயிலில் வங்கி அட்டையையோ கைபேசியையோ தட்டிவிட்டுப் போகலாம். பேருந்தில் 2014இலிருந்து ரொக்கம் வாங்குவதே இல்லை. நாளுக்கான உச்சவரம்பு ஒரு அட்டைக்கு, அதாவது ஒரு ஆளுக்கு. ஒருவரே எல்லோருக்கும் தட்டிவிட்டுப் பிறகு கணக்குப் பார்த்துக்கொள்வது மின்ரயிலில் நடக்காது. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். இன்னொன்று, ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் பிளாஸ்டிக் அட்டையும் கைபேசியும் அந்த அமைப்புக்கு இரண்டு வெவ்வேறு ஆட்கள். உள்ளே போகும்போது கைபேசியைத் தட்டி, வெளியே வரும்போது அட்டையைத் தட்டினால், முடிவு தெரியாத பயணம் ஒன்று, தொடக்கம் தெரியாத பயணம் ஒன்று என்று இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும். எங்களில் ஒருத்திக்கு முதல் நாளே அப்படி ஆனது. இணையத்தில் விண்ணப்பித்தால் திரும்ப வாங்கலாம் என்றாலும் அன்றைய பணம் அன்றைக்குப் போனதுதான்.

வார உச்சவரம்பு என்றும் ஒன்று உண்டு. அது திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது. எங்களைப் போல வியாழனில் இறங்குகிறவர்களுக்கு அதனால் லாபமில்லை.

பேருந்துதான் உண்மையான மலிவு. நாங்கள் போனபோது கட்டணம் 1.75 பவுண்டு, ஏறியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அதே காசு. நாள் முழுக்கப் பேருந்திலேயே சுற்றினாலும் அப்போது 5.25 பவுண்டோடு நின்றுவிட்டது. மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்துவிட்டால், சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

அந்த இரவுச் சாப்பாடு

இரண்டாம் நாள் மாலை. மதியத்திலிருந்து நடை. பிரிட்டிஷ் மியூசியத்தில் பல மணி நேரம் நின்றிருந்தோம். சோஹோ பக்கம் வந்தபோது யாருக்கும் பேசக்கூடத் தெம்பில்லை. இடமிருந்த முதல் உணவகத்தில் நுழைந்துவிட்டோம். பட்டியலைப் பார்த்ததுமே ஆய்வு மாணவன் “எனக்கு அவ்வளவா பசிக்கல” என்று ஒரு சூப் மட்டும் சொன்னான். 9 பவுண்டு. மற்றவர்கள் இறைச்சி வகைகளும் ஒயினும் வாங்கினார்கள். பில் 185 பவுண்டு. அதன்மேல் 12.5 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து 208 ஆனது. “ஐந்தா வகுத்துடலாம்” என்று யாரோ சொல்ல, தலைக்கு ஏறத்தாழ 41.60 பவுண்டு. சேவைக் கட்டணத்தோடு சேர்த்தே 10 பவுண்டு சொச்சம் கொடுக்க வேண்டியவன், அதைப்போல நான்கு மடங்கு கொடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. சமமாக வகுப்பது நட்பின் அடையாளம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் சமமாக வகுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. யூரி க்னீஸியும் வேறு இரண்டு பொருளியலாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் இதை உணவகத்திலேயே சோதித்தார்கள். ஒருவரையொருவர் அறியாத ஆறு ஆறு பேரை உட்கார வைத்து, சில குழுக்களிடம் அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுக்க வேண்டும் என்றும், சில குழுக்களிடம் மொத்தத்தை ஆறால் வகுப்போம் என்றும் முன்பே சொன்னார்கள். வகுப்போம் என்று கேட்டவர்கள் கூடுதலாக ஆர்டர் செய்தார்கள். ஆனால் எது வேண்டும் என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் அவரவர் கொடுப்பதையே விரும்பினார்கள். பெரும்பாலானவர்கள் விரும்பாத முறை, கேட்கக் கூச்சப்பட்டதால் மட்டுமே நடைமுறையாக இருக்கிறது. அந்நியர்களிடையே இப்படியென்றால், நண்பர்களிடையே கூச்சம் இன்னும் அதிகம்.

வெளியே வந்ததும் மென்பொருள் நண்பனுக்கு நிலைமை உறைத்தது. “டேய், உன்னோடதை நான் பாத்துக்கறேன்டா” என்றான், எல்லோர் முன்னாலும். “வேணாம்டா, விடு.” அதோடு பேச்சு நின்றது. விடுதிவரை யாரும் எதுவும் பேசவில்லை. அவன் மனதில் இருந்தது அன்புதான். ஆனால் நான்கு பேர் பார்க்க ஒருவனைத் தேர்ந்தெடுத்து உதவுவது, பில்லைவிடக் கனமாக ஆய்வு மாணவன்மேல் விழுந்தது.

அடுத்த நாள் காலையும் மதியமும் “பசிக்கல” தொடர்ந்தது. குழுவாகப் போகிறவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நாள் முழுக்க நடக்கும் ஊரில், ஒருவருக்குத் தொடர்ந்து இரண்டு வேளை பசிக்கவில்லை என்றால் அது வயிற்றின் செய்தி அல்ல. “நீங்க போங்க, நான் வெளியே இருக்கேன்”, “அதை ஏற்கெனவே படத்துல பாத்துட்டேன்”, “கால் வலிக்குது” எல்லாமே அதே செய்தியின் வேறு வடிவங்கள். ஆசிரியைதான் முதலில் புரிந்துகொண்டாள். வகுப்பில் நோட்டு வாங்க வசதியில்லாத பிள்ளைகள் “வீட்டில் மறந்து வைத்துவிட்டேன்” என்று சொல்வதைத் தினமும் கேட்கிறவள்.

எண்ணைக் கேட்ட விதம்

அவள் சொன்ன வழி எளிமையானது. அறை வாடகை போக, ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழித்தால் ஊர் திரும்பிய பிறகும் மனம் உறுத்தாது? அந்த எண்ணை ஒவ்வொருவரும் எனக்கு மட்டும் கைபேசியில் அனுப்ப வேண்டும். அதில் மிகக் குறைந்ததை மட்டும் நான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். யாருடையது என்று சொல்லக் கூடாது.

வந்த எண்கள்: 35, 40, 60, 60, 90. நான் “முப்பத்தைந்து” என்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. 40 அனுப்பியவர் பெருமூச்சு விட்டதை மட்டும் பார்த்தேன். தான் மட்டும்தான் இழுபறியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த இன்னொருவரும் அங்கே இருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

சராசரியை ஏன் எடுக்கவில்லை? இந்த ஐந்து எண்களின் சராசரி 57. அதை வைத்துத் திட்டம் போட்டால் இரண்டு பேர் தினமும் கடனில் போவார்கள். குறைந்த எண்ணை வைத்துப் போட்டால் மற்ற மூவருக்கும் கையில் பணம் மிஞ்சும். அதை அவர்கள் தனியாகச் செலவழிக்க யாரும் தடை இல்லை. எனவே விதி இப்படி அமைந்தது: ஐந்து பேரும் சேர்ந்து செய்வது எல்லாம் 35க்குள். அதைத் தாண்டுவதெல்லாம் அவரவர் விருப்பம், அவரவர் காசு, அழைப்பு உண்டு, வற்புறுத்தல் இல்லை.

முப்பத்தைந்தில் லண்டன்

அறை போக ஒரு நாளைக்கு 35 பவுண்டு லண்டனில் தாராளமில்லை, ஆனால் பட்டினியும் இல்லை. காலை உணவும் இரவு உணவும் பொதுச் சமையலறையில். அதற்கு மட்டும் ஆளுக்கு ஒரு தொகை போட்டுப் பொதுப் பணம் வைத்தோம். மதியத்துக்கு சூப்பர்மார்க்கெட்டில் சாண்ட்விச், ஒரு நொறுக்குத் தீனி, ஒரு பானம் மூன்றும் சேர்ந்த தொகுப்பு நான்கைந்து பவுண்டுக்குக் கிடைக்கும். அதைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடலாம். சில கடைகளில் ஒரே சாண்ட்விச்சுக்கு இரண்டு விலை எழுதியிருப்பார்கள். குளிர்ந்த உணவை வாங்கிக்கொண்டு வெளியே போனால் பெரும்பாலும் மதிப்புக்கூட்டு வரி இல்லை, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 20 விழுக்காடு வரி. ஐந்து பேர் நாற்காலியில் உட்காருவதற்கு வரி கட்டுகிறோம் என்று புரிந்ததும் புல்தரை இன்னும் வசதியாகத் தெரிந்தது.

உணவகத்துக்கே போகக் கூடாது என்று விதி போடவில்லை. போனால் அவரவர் பில் அவரவருக்கு என்று உட்காரும்போதே சொல்லிவிடுவோம். தண்ணீர் பாட்டில் வாங்கவில்லை. இங்கிலாந்தில் மது உரிமம் பெற்ற உணவகங்கள், கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பில்லில் விருப்பத்தின் பேரில் என்று குறிப்பிட்டுச் சேர்க்கும் சர்வீஸ் சார்ஜை நீக்கச் சொல்லவும் உரிமை உண்டு. நன்றாகக் கவனித்த இடத்தில் நாங்கள் நீக்கச் சொல்லவில்லை. பரிமாறுகிறவருக்கும் அது வாழ்க்கை.

பப் ஒரு தனிப் பாடம். அங்கே ஒருவர் எழுந்துபோய் எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை இன்னொருவர். ரவுண்டு என்பார்கள். கேட்க அழகான வழக்கம். ஆனால் நகரின் நடுவில் ஒரு பைண்ட் பீர் 6, 7 பவுண்டு விற்கும்போது, தன் முறைக்கு ஒருவர் 30 பவுண்டை எடுத்து வைக்க வேண்டியிருக்கும். மது தொடாத ஆசிரியை ஆரஞ்சுச் சாறு குடித்துவிட்டு நான்கு பேருடைய பீருக்குக் கொடுப்பாள். பப்பில் கவுண்டரிலேயே ஆர்டர் சொல்லி அங்கேயே பணம் கொடுப்பதால், ஆளுக்கு ஆள் தனியாக வாங்குவதில் சிரமமே இல்லை. முதல் முறை மட்டும் யாராவது “நான் எனக்கு மட்டும் வாங்கிக்கறேன்” என்று சொல்ல வேண்டும். வசதியுள்ளவர் சொன்னால் நல்லது. எங்கள் குழுவில் 90 அனுப்பியவர்தான் சொன்னார். அந்தச் சின்னச் செயலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பார்ப்பதற்கு லண்டன் உண்மையிலேயே தாராளமான ஊர். தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகள் 2001 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். டிராஃபல்கர் சதுக்கத்தின் நேஷனல் கேலரி வெள்ளிக்கிழமைகளில் இரவு ஒன்பதுவரை திறந்திருக்கும். வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தைச் சுற்றிப்பார்க்கக் கட்டணம் உண்டு. மாலை வழிபாட்டுக்குப் போய் உட்கார்ந்தால் கட்டணம் இல்லை, பாடகர் குழுவின் குரல் அந்தக் கல்லுக்குள் எழும்புவதைக் கேட்கலாம். வழிபாட்டுக்குரிய மரியாதையோடு போக வேண்டும். 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் ஸ்கை கார்டனுக்கு முன்பதிவு செய்தால் காசில்லாமல் நகரை மேலிருந்து பார்க்கலாம். ஐந்து பேருக்கும் ஒரே நேரம் கிடைக்க வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

எல்லோரும் சேர்ந்து பணம் கொடுத்துப் பார்த்தது குளோப் அரங்கம். ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கைப் போலவே கட்டி 1997இல் திறந்தது. கூரையில்லாத முற்றத்தில் நின்றபடி பார்க்கும் டிக்கெட் நாங்கள் போனபோது 5 பவுண்டிலிருந்து கிடைத்தது. உட்காரக் கூடாது, மழை வந்தால் குடை விரிக்கக் கூடாது. ஏறத்தாழ மூன்று மணி நேரம். நடிகர்கள் நம் தோளை உரசிக்கொண்டு மேடைக்குப் போகிறார்கள். அரங்கத்திலேயே நல்ல இடம் அந்த முற்றம்தான் என்பது என் கருத்து. டிக்கெட்டை மென்பொருள் தோழி தன் பிறந்தநாளுக்கான விருந்து என்று சொல்லி ஐந்து பேருக்கும் எடுத்தாள். சோஹோ இரவில் ஆய்வு மாணவன் மறுத்த உதவிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: எல்லோருக்கும் ஒரே மாதிரி, முன்கூட்டியே, ஒரு காரணத்தோடு. அவன் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டான்.

பிரிந்து போன மதியங்கள்

மென்பொருள் நண்பர்கள் இருவரும் லண்டன் ஐ ராட்டினத்தில் ஏற ஆசைப்பட்டார்கள். தலைக்கு 30 பவுண்டை ஒட்டிய செலவு. அவர்கள் போனார்கள். மற்ற மூவரும் கிரீனிச்சுக்குப் போய், 1902இல் திறந்த நடைச் சுரங்கத்தில் தேம்ஸுக்கு அடியில் நடந்து கடந்தோம், பூங்கா மேட்டில் உட்கார்ந்து நகரைப் பார்த்தோம். இரவுச் சமையலுக்கு எல்லோரும் சேர்ந்தபோது பேச இரண்டு தரப்பிடமும் புதுக் கதை இருந்தது. எப்போதும் ஐந்து பேரும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்ற எண்ணம்தான் முதல் இரண்டு நாளும் எங்களை நெருக்கியது. வசதியுள்ளவர்கள் ஆசையை அடக்கிக்கொண்டு முகம் வாடுவதும், வசதியில்லாதவர் கடன்பட்டுச் சிரிப்பதும் இரண்டும் ஒரே அளவு கெடுதல்.

கடைசி நாள் பொதுப் பணத்தில் கொஞ்சம் மிஞ்சியது. ஐந்தாகப் பிரித்துத் திருப்பிக் கொடுத்தேன். சோஹோ பில்லையும் அவரவர் சாப்பிட்டபடி மறுபடி போட்டோம். ஆசிரியை அதைக் கணக்குத் திருத்தம் என்று அறிவித்தாள், அப்படியே ஏற்றுக்கொண்டோம். ஆய்வு மாணவனுக்கு 31 பவுண்டு சொச்சம் திரும்பியது.

இந்தக் கணக்கு செல்லாத இடங்கள்

எங்கள் அனுபவம் கோடைக்கு உரியது. பருவம் மாறினால் எண்களும் மாறும். கல்வியாண்டு நடக்கும்போது மாணவர் விடுதி அறைகள் பெரும்பாலும் கிடைக்காது, சமையலறையுள்ள வேறு விடுதி தேட வேண்டும். சமையலறை இல்லையென்றால் 35ஐ உயர்த்தாமல் முடியாது. குளோப் முற்றம் குளிர்காலத்தில் பெரும்பாலும் இயங்காது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால் பூங்காவும் நடையும் பாதியாகக் குறையும். காசு கேட்கும் கூரைகளுக்கு அடியில் கழியும் நேரம் கூடும். டிசம்பர் 25 அன்று லண்டனில் மின்ரயிலும் ஓடாது, நகரப் பேருந்தும் ஓடாது. அந்த நாள் இடையில் வரும்படி போகிற குழு, நடந்து போகும் தூரத்திலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அன்றைய டாக்ஸிச் செலவை எண்ணைக் கேட்பதற்கு முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.